கைக்கணக்கும் சுண்ணாம்புக்கல்லும்

கோண்டாவில் பக்கம் ஒரு புதுவீட்டு வளவு. அத்திவாரம் வெட்டி முடிந்திருக்கிறது. மேசன் அளவுநாடாவின் ஒரு நுனியைக் கிணற்றுக் கட்டில் வைத்துப் பிடிக்க, உதவிக்கு நின்ற பொடியன் மற்ற நுனியோடு அடிவளவுக்கு நடக்கிறான். நாடா 52 அடியில் நிற்கிறது. “ஐம்பதுக்கு மேல இருக்குத் தம்பி, பயமில்லை” என்கிறார் மேசன். அந்த இடத்தில் முளை அடிக்கிறார்கள். மலக்குழிக்கு இடம் குறித்தாயிற்று. முளையிலிருந்து வேலி எட்டடி. வேலிக்கு அப்பால் இன்னும் பத்தடியில் பக்கத்து வீட்டுக் கிணறு. அந்தத் தூரத்தை யாரும் அளக்கவில்லை.

மேசனைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கைமாறி வந்த கணக்கு அது. ஒரு வீட்டின் சுவரையும் கூரையையும் பற்றி நாங்கள் மாதக்கணக்கில் பேசுகிறோம். தண்ணீர் எப்படி ஏறும், கழிவு எங்கே இறங்கும், காற்று எந்தப் பக்கம் வரும், வெக்கை எப்படி வெளியேறும் என்பவற்றை மட்டும் கைக்கணக்கிடம் விட்டுவிடுகிறோம். ஆளுக்கு இத்தனை லீற்றர், அறைக்கு இத்தனை பீ.ரி.யூ., தாங்கிக்கு இத்தனை அடி உயரம், குழிக்கு ஐம்பதடி. பெரிய கட்டடம் கட்டும் பொறியியலாளரும் இப்படியான கணக்குகளோடுதான் தொடங்குகிறார். கணினி தரும் விடையைச் சரிபார்க்கவும் இவைதான் அவருக்குத் துணை. ஆகவே கைக்கணக்கு இளப்பமான சரக்கு இல்லை. ஒரு நீண்ட கணக்கை யாரோ ஒருமுறை முழுதாகப் போட்டு, அந்த ஊரில் மாறாதவற்றையெல்லாம் உள்ளே மடித்துவைத்து, மிச்சத்தை ஓர் எண்ணாகக் கையில் தந்திருக்கிறார். மடித்துவைத்தவற்றுள் அந்த ஊரின் மண் இருக்கிறது, மழை இருக்கிறது, காற்றின் ஈரம் இருக்கிறது. அந்த எண்ணை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும்போது உள்ளே இருப்பதை விரித்துப் பார்த்தோமா என்பதுதான் என் கேள்வி.

தண்ணீரில் தொடங்குவோம். இங்கே எல்லாம் அதில்தான் தொடங்குகிறது.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் அடங்கிவிடும். ஆண்டுக்குச் சராசரி 1,250 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் வாடைக்காற்றோடு வந்து முடிந்துவிடுகிறது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத்தண்ணீரும் இருப்பது இதனால்தான். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடி வரைக்கும் நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், 1901இல் ஜேர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டு எழுதிய விதி இது. வெடிப்பு நிறைந்த எங்கள் கல்லில் நன்னீரும் உவர்நீரும் கலக்கும் பட்டை அகலமானது. கணக்கு இந்த அளவு சுத்தமாக வராது. ஆனாலும் குடாநாட்டில் கட்டடம் கட்டும் எவரும் முதலில் மனப்பாடம் செய்யவேண்டிய எண் இந்த நாற்பதுதான் என்பேன். மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறிவரப் பார்க்கும்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பம்ப் வாங்கப் போனால் எங்கள் வழக்கம் பிழைத்துப்போகும். கடையில், “ஒன்றுக்கு ஒன்றரை குதிரைவலு எடுங்கோ, டக்கென்று தாங்கி நிரம்பிவிடும்” என்பார்கள். ஐந்து பேர் வீட்டில் ஆளுக்கு 120 முதல் 135 லீற்றர் என்று வைத்தால் நாளுக்கு 600 முதல் 700 லீற்றர். 1,000 லீற்றர்த் தாங்கி ஒன்று தாராளம். நல்ல அரைக் குதிரைவலுப் பம்ப், சாதாரண கிணற்றிலிருந்து இரண்டாம் மாடி உயரத்துக்கு அதை அரைமணி, முக்கால் மணி நேரத்தில் ஏற்றிவிடும். அதைவிட வேகமாக இழுப்பதில் வீட்டுக்கு எந்த இலாபமும் இல்லை. கிணற்றுக்கு நட்டம் உண்டு: வேகமாக இழுக்கும்போது நீர்மட்டம் கிணற்றுக்கு நேரே குழிந்து, அந்தக் குழிவுக்குக் கீழே உவர்நீர் கூம்புபோல எழும்புகிறது. ஆகவே இங்கே பொருந்தும் கைக்கணக்கு, தேவைக்கு ஆகச் சிறிய பம்ப், நீண்ட நேரம், முடிந்தால் காலையிலும் மாலையிலுமாகப் பிரித்து. தோட்டத்துக்கு இறைப்பவர்களின் இறைப்பு வீட்டு இறைப்பைவிடப் பல மடங்கு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வலிகாமத்து வெங்காயமும் புகையிலையும் குடிக்கும் தண்ணீருக்கு முன் எங்கள் தாங்கி சின்னது. ஆனால் வீட்டுக் கிணறுகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. குடாநாட்டில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கிணறுகள் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

பம்ப் பற்றி இன்னொன்று. தரையில் வைத்த பம்ப் தண்ணீரை உறிஞ்சக்கூடிய ஆழம் ஏட்டில் 34 அடி, நடைமுறையில் 23 முதல் 25 அடி. இந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்று, ஏனென்றால் அதற்குள் இருப்பது வளிமண்டல அழுத்தம். மாறுவது கிணறு. மாரியில் பத்தடியில் நின்ற தண்ணீர் ஆவணி, புரட்டாசியில் எங்கே நிற்கும் என்று பார்க்காமல் பம்பைத் தரையில் பூட்டிவிட்டு, கோடையில் ‘மோட்டர் இழுக்குதில்லை’ என்று புட்வால்வை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பலர். கிணற்றுக்குள் கொங்கிறீற்றுத் திட்டுக் கட்டிப் பம்பை இறக்கிவைக்கும் எங்கள் ஊர் வழக்கம் இந்த 25 அடியை மதித்து வந்தது.

இனி அந்த ஐம்பதடிக்கு வருகிறேன்.

தூரத்தைச் சொல்லும் இந்த விதிக்குள் மடிந்திருப்பது நேரம். மலக்குழியிலிருந்து கசியும் நீரிலுள்ள கிருமிகள் மண்ணுக்குள் மெல்ல நகரும்போது வடிகட்டப்பட்டும் சாகடிக்கப்பட்டும் போகின்றன. ஜேர்மனியில் குடிநீர்க் கிணறுகளைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் வரையும்போது, நிலத்தடி நீர் கிணற்றை அடைய 50 நாள் எடுக்கும் எல்லையைக் கணக்கில் எடுக்கிறார்கள். ஐம்பதடி என்பது 15 மீற்றர். 50 நாளில் 15 மீற்றர் என்றால் நாளுக்கு 30 சென்ரிமீற்றர். நுண்ணிய மணலில் நீர் ஏறத்தாழ இந்த வேகத்தில் நகரலாம். அங்கே ஐம்பதடி ஒரு காவல். சுண்ணாம்புக்கல்லில் கரைந்து உண்டான வெடிப்பும் குகையுமான வழிகளில் தண்ணீர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மீற்றர் ஓடக்கூடும். வலிகாமத்தில் அந்தக் கல்லின்மேல் இருக்கும் செம்மண் பல இடங்களில் மெல்லிய போர்வைதான். குழியை ஆழப்படுத்துகிறோம் என்று கல்லை உடைத்து இறங்கும்போது, வடிகட்டவிருந்த அந்த ஒரே மண்ணையும் தாண்டிப் போய்விடுகிறோம்.

“எங்கட குழி இருபது வருசமா நிரம்பவே இல்லை” என்று பெருமையாகச் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நல்ல குழிக்கு அதுதான் ஊரில் சான்று. உண்மையில் அது, குழியின் அடியில் ஒரு வெடிப்பு வாய் திறந்திருக்கிறது என்பதற்கான சான்று. இருபது வருசத்துக் கழிவுநீர் போன இடம், ஊர் குடிக்கும் தண்ணீர் இருக்கும் இடம்.

வளவின் வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச், 2,722 சதுர அடிக்குச் சற்று மேல். இரண்டு பரப்பு வளவு சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 74 அடி. கிணற்றை ஈசானமூலையில் வைத்து, குழியை எதிர்மூலைக்குக் கொண்டுபோனால் இடையில் நூறடிவரை கிடைக்கும். வீட்டுக்காரருக்கு மனநிறைவு. ஆனால் அடுத்தடுத்து நாலு வளவிலும் எல்லோரும் அப்படியே செய்தால் என்ன நடக்கும்? நாலு வளவும் சந்திக்கும் எல்லைக்கல்லில் ஒருவரின் வடகிழக்கு மூலையும், இன்னொருவரின் தென்மேற்கு மூலையும், மற்ற இருவரின் மிச்ச மூலைகளும் ஒன்றுசேர்கின்றன. குழியை எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் அது யாரோ ஒருவரின் ஈசானமூலைக்கு அருகில்தான் போகிறது. இடையில் ஒழுங்கை வந்தால் பத்துப் பன்னிரண்டு அடி கூடும், அவ்வளவுதான். என் வேலிக்குள் விதியை நூற்றுக்கு நூறு கடைப்பிடித்து, அயலவரின் கிணற்றை நான் கெடுக்கலாம். அவரும் அதே விதியால் என் கிணற்றைக் கெடுக்கலாம். வளவுகள் பெரிதாக, வீட்டுக்குள் மலசலகூடம் இல்லாமல், வாளியால் அள்ளிக் குளித்த காலத்தில் இந்தக் கணக்கு தாக்குப்பிடித்தது. சீதனத்துக்கும் விற்பனைக்குமாக வளவு துண்டாகத் துண்டாக, கணக்கு உடைந்துகொண்டே வந்தது.

இன்னொரு குறையும் அதில் உண்டு. ஐம்பதடி கிருமிக்குப் போட்ட கணக்கு. நைத்திரேற்று கிருமிபோல வழியில் சாகாது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, இலங்கையின் எஸ்.எல்.எஸ். 614 தரமும் அதையே சொல்கிறது. குடாநாட்டில் அந்த அளவைத் தாண்டிய கிணறுகள் இருப்பதை ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகப் பதிவுசெய்து வந்திருக்கின்றன. தோட்டங்களுக்கு இடும் யூரியா ஒரு காரணம், மலக்குழிகள் மற்றக் காரணம். கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை அது குறைக்கக்கூடியது. கொதிக்கவைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய்மார் கொதித்த தண்ணீர் என்ற நம்பிக்கையில் இருப்பதால் இதை உரத்துச் சொல்கிறேன். நிலத்தின் மேல் நடப்பது கிணற்றில் எவ்வளவு எளிதாகத் தெரியும் என்பதற்கு, சுன்னாகம் சுற்றாடலில் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரம் ஒன்றே போதும். அது உயர்நீதிமன்றம்வரை போனது.

அப்படியானால் எந்தக் கணக்கு? என் துணிபு இது. குடாநாட்டில் தூரத்தை முதல் விதியாக வைப்பதை விட்டு, ஆழத்தை முதல் விதியாக வைக்கவேண்டும். அடி கட்டிய, கசியாத இரண்டறைத் தொட்டி முதலில். அதிலிருந்து வரும் நீர் கல்லுச்சல்லி நிரப்பிய வடிப்பறை ஒன்றின் வழியே மேலேறி வரட்டும். பிறகு நிலமட்டத்திலோ அதற்குச் சற்று உயர்த்தியோ மண்ணும் மணலும் போட்ட பாத்தி. அதில் வாழையும் கல்வாழையும். மாரியில் நீர் ஆக உயர்ந்து நிற்கும் மட்டத்துக்கும் பாத்தியின் அடிக்கும் இடையில் நாலைந்து அடி மண் இருந்தே ஆகவேண்டும். இயற்கையாக இல்லாவிட்டால் மண் போட்டு உயர்த்தவேண்டும். குழி வெட்டுவதைவிடச் செலவு கூடத்தான். ஆனால் வீட்டுச் செலவில் தரை ஓட்டுக்கும் முகப்புக்கும் நாங்கள் கொடுப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை.

குழாய்நீர் வந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரணைமடுத் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டம் விவசாயிகளின் நியாயமான அச்சத்தால் தடைப்பட்டு, கடைசியில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. குடிநீருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் வீட்டுக்குள் வரும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது உலகெங்கும் பயன்படும் கைக்கணக்கு. யாழ் நகரில் வீடுகளை இணைக்கும் பொதுக் கழிவுநீர்க் குழாய்த்தொகுதி இல்லை. நாளுக்கு 600 லீற்றர் வாங்கும் வீடு 480 லீற்றரைத் தன் வளவுக்குள்ளேயே இறக்கியாக வேண்டும். குழாயைத் திறந்தால் தண்ணீர் என்ற வசதி வந்ததும் அந்த அளவு கூடும். குழாய்நீர் வரும் வீட்டின் மலக்குழியைத்தான் முதலில் திருத்தவேண்டும்.

சுண்ணாம்பு குழாய்க்குள்ளும் வருகிறது. வீட்டில் தண்ணீர் சூடாக்கும் கருவியின் கம்பியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முட்டைக்கோதுபோல வெள்ளைப் படை, நகத்தால் சுரண்ட வராது, புளியோ வினாகிரியோ ஊற்றினால் நுரைத்துக் கரையும். சூடு ஏற ஏறக் கல்சியம் காபனேற்று தண்ணீரில் கரைந்து நிற்காது. ஆகச் சூடான இடத்திலேயே படியும். படை தடிக்கும்போது வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் கம்பியிலேயே தங்கி, கம்பி எரிகிறது. எஸ்.எல்.எஸ். 614 கடினத்தன்மைக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறு இங்கே அதிசயம் இல்லை. ஆகவே பெரிய கட்டடங்களில் நீரால் குளிரூட்டும் கோபுரம் வைப்பது கொழும்பில் சிக்கனமாக இருக்கலாம். இங்கே கிணற்று நீரை நம்பி அதை வைக்கக் கூடாது. காற்றால் குளிரும் இயந்திரம் கொஞ்சம் மின்சாரம் கூடத் தின்றாலும் அதுவே மேல். காங்கேசன்துறை, பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் அதன் அலுமினியத் தகடுகளுக்கு உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சு வேண்டும். வீட்டில் வேண்டியது, எல்லா வால்வையும் கழற்றிப் பூட்டக்கூடிய யூனியனோடு வைப்பதும், சவர் தலையை மாதம் ஒருமுறை ஊறவைப்பதும்தான்.

குளிரூட்டலுக்கு வருவோம். ஒரு தொன் என்றால் மணிக்கு 12,000 பீ.ரி.யூ. இரண்டாயிரம் இறாத்தல் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது வெப்பத்தை எடுக்கும் வீதம் அது; ஐஸ்கட்டி விற்ற அமெரிக்காவின் அளவு. அங்கே அறைக்குச் சதுர அடிக்கு 20 பீ.ரி.யூ. என்பார்கள். எங்கள் கடைகளில் பத்துக்குப் பத்து அறைக்கு 9,000, அதைவிடப் பெரிதென்றால் 12,000, அதற்கும் மேல் 18,000. சதுர அடிக்கு 90 வரை போகிறது! வெயில் கூடிய ஊர் என்பதால் கொஞ்சம் கூடவேண்டும், உண்மை. ஆனால் இவ்வளவு கூடுவதற்குக் காரணம் தலைக்கு மேல் நேரடியாக வெயில் குடிக்கும் கொங்கிறீற்றுத் தட்டு. தரையை அளக்கும் கணக்குக்குக் கூரை கண்ணில் படாது. தட்டின் மேல் வெள்ளைப் பூச்சோ, ஓடோ, தகரப் பந்தலோ போட்டுவிட்டு ஏசியின் அளவைத் தீர்மானியுங்கள். தேவைக்கு மேல் பெரிய ஏசி அறையை விரைவில் குளிராக்கிவிட்டு நின்றுவிடும்; ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. குளிர்கிறது, ஆனால் பிசுபிசுக்கிறது, தலையணை பூஞ்சணம் மணக்கிறது என்றால் காரணம் இதுதான்.

ஈரத்தின் பங்கை ஒரு மண்டபத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2023இல் யாழ்ப்பாணத்தில் மக்களிடம் கையளிக்கப்பட்ட கலாசார மையத்தின் அரங்கு ஏறத்தாழ 600 பேர் இருக்கக்கூடியது. எங்கள் கல்யாண மண்டபங்கள் பலவும் அந்த அளவுதான். வெளியே 33 பாகை வெப்பமும் பனிநிலை 25 பாகையும் உள்ள ஒரு பகல். உள்ளே 25 பாகையும் 55 சதவீத ஈரப்பதமும் வேண்டும். ஆளுக்கு விநாடிக்கு 7.5 லீற்றர் புதுக்காற்று கொடுத்தால், அந்தக் காற்றைப் பதப்படுத்த மட்டும் 47 தொன் போகும். அவ்வளவு பேரின் உடற்சூடே இருபது தொன்னுக்கு உட்பட்டதுதான். அந்த 47இல் முக்கால்வாசி காற்றிலுள்ள நீராவியை ஒடுக்கவே செலவாகிறது. மணிக்கு ஏறத்தாழ 170 லீற்றர் தண்ணீர் வடியும். வறண்ட ஊர்க் கைக்கணக்கில் இந்தப் பங்கு கிடையாது. தொன்னுக்கு நிமிடத்துக்கு 400 கனஅடி காற்று என்ற வழக்கமான எண்ணை இங்கே 350க்குக் குறைக்கவேண்டியிருப்பதும் இதனால்தான். காற்று மெதுவாகப் போனால் ஏசிக்குள் இருக்கும் குளிர்ச்சுருள் மேலும் குளிர்ந்து ஈரத்தைக் கூடப் பிழியும். வடியும் அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. குடிக்க வேண்டாம், ஆனால் கக்கூசுக்கு ஊற்றவும் வெளியலகைக் கழுவவும் கிணற்று நீரைவிட அது நல்லது. கானுக்குள் விடுவது எனக்கு மனம் பொறுக்காத செயல்.

ஏசிக்கு முன்னர் இங்கே காற்றுக்குக் கணக்கு இல்லாமல் இல்லை. நாற்சார் வீட்டின் நடுமுற்றம் வெக்கையை மேலே விட்டது. விறாந்தை வெயிலைச் சுவரில் படாமல் தடுத்தது. தென்மேற்கே திறந்த கதவு வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் சோளகத்தை உள்ளே அழைத்தது. 1990 முதல் பல ஆண்டுகள் குடாநாடு மின்சாரமே இல்லாமல், மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாட்டோடு வாழ்ந்தது. 2022இல் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு வந்தது. கரன்ற் இல்லாத இரவில் மனிதர் படுத்தெழும்பக்கூடிய அறைதான் நல்ல அறை என்று வைத்துக்கொண்டு வரைபடத்தைத் தொடங்குவது யாழ்ப்பாணத்தவருக்குப் பட்டறிவு. விநாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் காற்று மேலில் பட்டால் இரண்டு மூன்று பாகை குறைந்ததுபோல இருக்கும். சோளகம் நிற்கும்போது அதை 30 வாற் மின்விசிறி ஒன்று செய்யும்.

மழைநீரைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு சதுரமீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். 1,000 சதுர அடிக் கூரை, சிந்தியதும் வீணானதும் போக, ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் லீற்றர் தரும்; ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லீற்றர் வீதம் எட்டு மாதத்துக்கு வேண்டியது ஆறாயிரம்தான். 2007இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் திருத்தப்பட்டு மழைநீர் சேகரிப்புக்கு இடம் செய்யப்பட்டது. நைத்திரேற்றுக் கிணறு உள்ள வீட்டுக்கு இந்த ஆறாயிரம் லீற்றர் முதல் தேவை.

வீடு கட்ட முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. செலவு ஒரு சின்ன டப்பா பெயின்ற். புரட்டாசிக் கடைசியில் கிணற்றுக்குள் நீர் நிற்கும் இடத்தில் உட்சுவரில் ஒரு கோடு. மார்கழி மழை ஓய்ந்ததும் நீர் ஏறி நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு. பம்ப் எங்கே இருக்கவேண்டும் என்பதைக் கீழ்க்கோடு சொல்லும். கழிவுநீர்ப் பாத்தியின் அடி எங்கே நிற்கவேண்டும் என்பதை மேற்கோடு சொல்லும். ஒரு வருசம் பொறுக்க நேரம் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கே வயதுபோன யாராவது இருந்தால், “ஆச்சி, மாரியில தண்ணி எதுமட்டும் ஏறும்?” என்று கேட்கலாம். கேட்கும்போது அளவுநாடாவையும் கையோடு கொண்டுபோங்கள். அவருடைய கிணற்றிலிருந்து உங்கள் முளைவரை எத்தனை அடி என்பதையும் அப்படியே அளந்துகொள்ளலாம்.